தேசிங்கு ராஜா யாருக்காகச் சண்டை போட்டான்?

(செஞ்சியில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியது)



செஞ்சிக்காரர்களுக்குத் தேசிங்கு ராஜன் கதையைச் சொல்ல வருவது கொல்லன் தெருவில் ஊசி விற்க வருவது போலத்தான். தாய்மார்களும் பெரியவர்களும் இங்கே இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகப் பாட்டாகவே பாடிக் காட்டுவார்கள். ஆனாலும் இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது.

2025 ஜூலை மாதம் பாரிஸ் நகரத்தில் யுனெஸ்கோ கூட்டம் நடந்தது. மராத்தியரின் ராணுவக் கோட்டைகள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. நல்லது, சந்தோஷம். கோட்டையைப் பாதுகாக்கட்டும். ஆனால் அன்றிலிருந்து நம் இளந்தோழர்களுக்குள் ஒரே வாக்குவாதம். ஒருவர் சொல்கிறார்: "சிவாஜி கோட்டை என்று எழுதிவிட்டார்களே, நம் தேசிங்கு எங்கே போனான்? முதல் சுதந்திர வீரன் அவன்தானே?" இன்னொருவர்: "அவன் வடக்கத்தி ராஜபுத்திரன். நமக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?" வெளியிலிருந்து வருகிற சில பேர் மூன்றாவதாக ஒரு சரக்கை விற்கிறார்கள்: இந்து ராஜா, முஸ்லிம் நவாப், மதச் சண்டை என்று. மூன்றையும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் கோட்டை யாருடையது? ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவன் தொடங்கினான் என்பது வழிவழியாக வருகிற பேச்சு. பிறகு விஜயநகர நாயக்கர்கள், 1649-ல் பீஜப்பூர்ப் பட்டாளம், 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1714-ல் ஆற்காட்டு நவாப், 1750-ல் பிரெஞ்சுக்காரன், 1761-ல் வெள்ளைக்காரக் கம்பெனி. மராத்தியர் கையில் இருந்தது 21 வருஷம். சரித்திரத்தில் 21 வருஷம் ஒரு மூச்சு. எத்தனை பேர் வந்தாலும், ராஜகிரி உச்சிக்குக் கல்லைச் சுமந்தவன் இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரன். குன்றுகளில் ஒன்றுக்குச் சக்கிலித்துர்க்கம் என்றே பெயர் இருக்கிறது. ராஜகிரியின் ராஜாக்களுக்குக் கதை உண்டு, கல்வெட்டு உண்டு, சினிமாகூட உண்டு. அந்தக் குன்றுக்குப் பெயர் கொடுத்த நம் அருந்ததியத் தோழர்களின் முன்னோர்களுக்கு ஒரு வரி பாட்டு உண்டா?

சரி, 1714-க்கு வருவோம். தனியாக அந்த வருஷத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. டில்லியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

சிவாஜியின் மகன் ராஜாராம் 1689-ல் இங்கே வந்து கோட்டைக்குள் புகுந்தான். ஔரங்கசீப் தன் தளபதி ஜுல்பிகார் கானை அனுப்பினான். 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டது. எட்டு வருஷம் இரண்டு பெரிய பட்டாளங்கள் ஒரு சின்னச் சீமையில் உட்கார்ந்து தின்றன என்றால் என்ன மிஞ்சும்? கமிட்டிக்கு மூட்டை கொண்டுவருகிற உங்களுக்கு நெல்லின் கனம் தெரியும். ஒரு குதிரை ஒரு நாளைக்கு எவ்வளவு கொள்ளு தின்னும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டை விழுந்தது. ராஜாராம் தப்பித்துப் போய்விட்டான். தப்பித்துப் போக முடியாதவன் குடியானவன்.

பிறகு ஔரங்கசீப், பந்தேல்கண்டைச் சேர்ந்த சொரூப் சிங் என்ற ராஜபுத்திரனைச் செஞ்சிக்குக் கில்லேதாராக வைத்தான். கில்லேதார் என்றால் கோட்டைக்குக் காவல், சீமைக்கு வசூல். வசூலித்து மேலே கட்ட வேண்டும். இந்த சொரூப் சிங்தான் தேசிங்கின் தகப்பன். தேஜ் சிங் என்ற பெயர்தான் நம் வாயில் தேசிங்கு ஆயிற்று.

1707-ல் ஔரங்கசீப் செத்தான். அப்புறம் மொகலாய வீட்டுக்குள்ளேயே யுத்தம். அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்டார்கள்; ஜெயித்த பகதூர் ஷா 1712-ல் செத்ததும் அவன் பிள்ளைகள் வெட்டிக்கொண்டார்கள். ஜகாந்தர் ஷா ஜெயித்துச் சிம்மாசனத்தில் ஒரு வருஷம்கூட உட்காரவில்லை. தம்பி மகன் பரூக்சியர் வந்து 1713-ல் அவனை ஒழித்தான். செஞ்சியைப் பிடித்த அந்த ஜுல்பிகார் கானையும் அதே வருஷம் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். மேலே இப்படி அடித்துக்கொண்டால் கீழே என்ன நடக்கும்? அவனவன் தன் சீமையைத் தன் சொத்தாக்கிக்கொள்வான். ஆற்காட்டில் சாதத்துல்லா கான் 1710 முதல் நவாப். பேருக்கு டில்லியின் ஆள். காரியத்தில் தனி ராஜா. செஞ்சியில் சொரூப் சிங்கும் அப்படியே. நவாபுக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கட்டாமல் வருஷக்கணக்காக இழுத்தடித்தான். பாக்கி எழுபது லட்சம் ரூபாய் என்று நவாப் தரப்புக் கணக்கு சொல்கிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள் தோழர்களே. கில்லேதார் மேலே கட்டவில்லை. குடியானவன் கீழே கட்டாமல் இருந்தானா? களத்திலே நெல் குவிந்ததும் சர்க்கார் பங்கு, நாட்டாமை பங்கு, கோவில் பங்கு என்று அளந்துகொண்ட பிறகுதானே உழுதவன் கூடையை நீட்ட முடியும்? படியாளுக்கோ அதற்கும் பிறகு. கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் பெரிய நெற்களஞ்சியம் நிற்கிறதே, பார்த்திருக்கிறீர்கள். சுவரின் பருமனைப் பார்த்து டூரிஸ்டுகள் வாயைப் பிளக்கிறார்கள். உள்ளே எதிரொலி கேட்கப் பிள்ளைகள் கூவுகிறார்கள். உள்ளே கொட்டிய நெல் யார் வீட்டு நெல்? அதை எழுதிவைக்க ஒரு பலகை இல்லை.

சொரூப் சிங் 1714-ல் செத்தான். மகன் தேசிங்கு இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. இளம் மனைவியோடு பந்தேல்கண்டிலிருந்து வந்து சேர்ந்தான். நவாபைக் கேட்காமல் அப்பன் இடத்தில் உட்கார்ந்தான். நவாப் சொன்னான்: "டில்லியிலிருந்து உனக்குப் புது உத்தரவு உண்டா? பழைய பாக்கி எங்கே?" தேசிங்கு சொன்ன பதில் என்ன? "ஔரங்கசீப் பாதுஷா என் அப்பனுக்குக் கொடுத்த பர்மான் இருக்கிறது, அது போதும்." இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். செஞ்சி ஜனங்கள் என்னை ராஜாவாக ஏற்றுக்கொண்டார்கள் என்று அவன் சொல்லவில்லை. இந்தச் சீமையை எட்டு வருஷம் பட்டினி போட்ட பாதுஷாவின் காகிதத்தைத்தான் நீட்டினான்.

ஆனால் தைரியத்தில் குறை சொல்ல முடியாது. நவாப் ஆற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குதிரைகளோடும் சிப்பாய்களோடும் வந்தான். தேசிங்கிடம் சில நூறு பேர். 1714 அக்டோபர் 3-ம் தேதி கடலி வெளியில் மோதினார்கள். சிங்கவரத்து ரங்கநாதர், "இன்றைக்குப் போகாதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாகக் கதை. போனான். நவாபின் முன்னணித் தளபதி தௌலத் கானை வெட்டினான். கடைசியில் ஒரு துப்பாக்கிக் குண்டு அவனை முடித்தது. பத்து மாதம்கூடச் சரியாக ஆளவில்லை.

மதச் சண்டை என்கிறவர்களுக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும். தேசிங்கோடு கூடவே நின்று செத்தவன் மகபத் கான், நம் பாட்டுக்காரர் வாயில் மோவுத்துக்காரன். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சண்டைக்கு வந்தான் என்று கதை பாடுகிறது. நீலாம்பூண்டியில் அவனுக்கும் குதிரைக்கும் சமாதி காட்டுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் நவாபின் கணக்கையும் கஜானாவையும் பார்த்தவர்கள் யார்? லாலா தக்கிணிராய் போன்ற இந்து மந்திரிகள்! ராஜபுத்திரனுக்காக முஸ்லிம் சாகிறான். நவாபுக்காக இந்து வசூல் செய்கிறான். இதில் எங்கே ஐயா மதச் சண்டை? ஜெயித்த நவாப் 1717, 18-ல் கோட்டைக்குள் ஒரு மசூதி கட்டினான் என்பதும் உண்மைதான். ஜெயித்தவன் தன் வெற்றிக்கு ஞாபகச் சின்னம் வைத்துக்கொண்டான். பிரெஞ்சுக்காரன் என்ன செய்தான்? செஞ்சிக் கோவில் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனான். இன்றைக்குக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, அவை நம் ஊர்த் தூண்கள். கொள்ளைக்கு எந்த மதமும் ஒன்றுதான்.

ராணியைப் பற்றியும் சொல்லாமல் போகக் கூடாது. செட்டிகுளத்துக் கரையில் தேசிங்கின் சிதையில் அந்தச் சின்னப் பெண் ஏறினாள். அவள் பெயரால்தான் நவாப் ராணிப்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வைத்தான் என்பார்கள். ஒரு பெண்ணை உயிரோடு எரித்த ஊர்க்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எரியவிட்ட நவாப் பேட்டை கட்டினான். நம் பாட்டுக்காரர்கள் இந்த இடத்தில் உருகிப் பாடுவார்கள். தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அழுவது நியாயம், பெருமைப்படுவது நியாயமில்லை. 1829-ல் சட்டம் வந்து தடுத்த கொடுமை அது.

இப்போது உங்களை வெகுதூரம் அழைத்துக்கொண்டு போகிறேன். சைபீரியாவில் யாக்கூத்தியா என்று ஒரு தேசம் இருக்கிறது. பரப்பில் கிட்டத்தட்ட நம் இந்தியா அளவு. ஜனத்தொகையோ அந்தக் காலத்தில் மூன்று லட்சத்துக்கும் குறைவு. மாடும் குதிரையும் வளர்க்கிற ஜனங்கள். குளிர் என்றால் நம்முடைய மார்கழி அல்ல. பாலைப் பாத்திரத்தில் உறையவைத்துக் கட்டி கட்டியாக எடுத்து வைக்கிற குளிர்.

ஜார் சக்கரவர்த்தி இவர்களிடம் மென்மயிர்த் தோலாக வரி வாங்கினான். அந்த வரிக்குப் பெயர் யாசக். நம் யாசகம் மாதிரி கேட்கிறது, ஆனால் கையேந்தி வாங்கியதல்ல, கழுத்தைப் பிடித்து வாங்கியது. ஊரில் அதை வசூலித்துக் கொடுத்தவர்கள் தோயோன்கள் என்கிற உள்ளூர்ப் பெருந்தனக்காரர்கள். நல்ல புல்வெளியெல்லாம் அவர்கள் கையில். ஏழை யாக்கூத் மாட்டுக்குப் புல்லில்லாமல் அவர்கள் வாசலில் நிற்பான். சொரூப் சிங்குக்கும் தோயோனுக்கும் பாஷைதான் வேறு.

1917-ல் ருஷ்யப் புரட்சி. அதைத் தொடர்ந்து உள்நாட்டு யுத்தம். 1921 செப்டம்பரில் யாக்கூத்தியாவில் கலகம் கிளம்பியது. கொரபெய்னிகோவ் என்ற வெள்ளை ராணுவ அதிகாரி, தோயோன்கள், தோல் வியாபாரிகள், படித்தவர்களில் ஒரு பகுதி எல்லாரும் சேர்ந்து 1922 மார்ச்சில் சுராப்சா என்ற ஊரில் தங்களுக்கென்று ஒரு தற்காலிக ஆட்சியை அறிவித்தார்கள். யாக்கூத் ஜனங்களின் ஆட்சி என்று பெயர். படை நடத்தியவர்கள் ஜாரின் பழைய அதிகாரிகள்.

இதோடு நிறுத்திவிட்டால் கதை சுலபம். ஆனால் ஏழை யாக்கூத்துகள் பலரும் அந்தக் கலகத்தில் சேர்ந்தார்கள். ஏன்? அங்கே அதிகாரத்தில் இருந்த நம்மவர்களே காரணம். கடுமையான வசூல், படித்தவன் என்றாலே சந்தேகம், சந்தேகம் என்றாலே துப்பாக்கி என்று நடந்தார்கள். ஜனங்களின் பாஷை தெரியாதவர்கள் ஜனங்களுக்காக உத்தரவு போட்டார்கள். 1922 மார்ச்சில் அந்தத் தலைமையை நீக்கிவிட்டு, பிளதோன் ஒயூன்ஸ்கி, மக்சிம் அம்மோசோவ், இசிதோர் பராகோவ் என்ற மூன்று யாக்கூத் கம்யூனிஸ்டுகள் பொறுப்புக்கு வந்தார்கள். ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களுக்கு மன்னிப்பு அறிவித்தார்கள். 1922 ஏப்ரல் 27-ம் தேதி யாக்கூத் சுயாட்சிக் குடியரசு பிறந்தது. கலகக் கூட்டத்திலிருந்த ஏழைகள் வீடு திரும்பத் தொடங்கினார்கள். தனி ஆட்சி என்று அவர்கள் கேட்டதில் நியாயமான பகுதி எதுவோ அது கிடைத்துவிட்டது; தோயோனுக்கு மட்டும் வேண்டியிருந்த பகுதி கிடைக்கவில்லை.

மிச்சம் இருந்தவர்களுக்குத் துணையாகப் பெபெல்யாயேவ் என்ற வெள்ளைத் தளபதி எழுநூறுக்கு மேற்பட்ட ஆட்களோடு கடல்வழியாக வந்து இறங்கினான். 1923 பிப்ரவரியில் ஸ்த்ரோத் என்ற செஞ்சேனைத் தளபதியை, முந்நூறுக்கும் குறைவான ஆட்களோடு, ஒரு சின்னக் குடியிருப்பில் சுற்றி வளைத்தான். கல் இல்லை, மண் தோண்ட முடியாதபடி உறைந்து கிடக்கிறது. ஸ்த்ரோத்தின் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உறைந்துபோன சாணக் கட்டிகளை அடுக்கி மதில் கட்டினார்கள். எருவாட்டிக் கோட்டை, தோழர்களே! அதற்குப் பின்னால் பதினெட்டு நாள் நின்றார்கள். செத்த தோழர்களின் உறைந்த உடல்களும் அந்த மதிலில் இருந்தன. செஞ்சிக் கோட்டையை எட்டு வருஷம் காத்தது கருங்கல். அந்தக் குடியிருப்பை எது காத்தது என்று நான் சொல்ல வேண்டாம். மார்ச்சில் உதவி வந்தது. ஜூனில் பெபெல்யாயேவ் சரணடைந்தான்.

பிற்பாடு நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் எதிரி சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்லித் தெரிந்துகொள்வது மேல். 1927-ல் சேனோபோந்தோவ் என்ற படித்த யாக்கூத் ஒருவர் கூடுதல் உரிமை கேட்டு ஒரு கிளர்ச்சி நடத்தினார். மன்னிப்பு உண்டு என்று சொன்னதை நம்பிச் சரணடைந்தார். 1928-ல் அவரையும் இன்னும் பலரையும் சுட்டுவிட்டார்கள். 1937-ல் எருவாட்டிக் கோட்டையைக் காத்த ஸ்த்ரோத்தையே சுட்டார்கள். 1938-ல் அம்மோசோவும் பராகோவும் சுடப்பட்டார்கள். 1939-ல் ஒயூன்ஸ்கி சிறையில் செத்தார். 1950-களில் ஒயூன்ஸ்கி, அம்மோசோவ் போன்றவர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். அறிவிப்பால் உயிர் வருமா? கொடுத்த மன்னிப்பைக் காத்தபோது கலகம் அடங்கியது. கொடுத்துவிட்டுப் பறித்தபோது சொந்தப் பிள்ளைகளையே தின்றது. 1991-ல் சோவியத் யூனியனே கலைந்தது. யாக்கூத்தியா இன்று சாகா குடியரசு என்ற பெயரில் ருஷ்யக் கூட்டாட்சிக்குள் இருக்கிறது.

ஏன் இவ்வளவு தூரம் போனேன்? கொடி பறக்கும்போது கொடியைப் பார்க்கிறோம். கொம்பை யார் பிடித்திருக்கிறான் என்று பார்ப்பதில்லை. பார்த்தாலும், "பணக்காரன் பிடித்த கொடி, ஆகவே பின்னால் போன ஏழை முட்டாள்" என்று சொல்லிவிடுகிறோம். அதுவும் தப்பு. ஏழை ஏன் போனான் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தக் கண்ணோடு மறுபடி தேசிங்குக்கு வாருங்கள். ஆனந்தக் கோனிலிருந்து வெள்ளைக்காரன் வரை எத்தனை ராஜா, எத்தனை தளபதி! எட்டு வருஷம் முற்றுகையில் நின்ற ராஜாராமுக்கு இந்தச் சீமையில் பாட்டு இல்லை. சிவாஜிக்கே இந்த ஊரில் கூத்து இல்லை. பத்து மாதம் இருந்த ஒரு பையனுக்கு மட்டும் முந்நூறு வருஷமாகத் தெருத்தெருவாகப் பாட்டு. அவன் நம் பாஷைக்காரன் இல்லை, நம் சாதி இல்லை, நமக்கென்று ஒரு படி நெல்லைக் கூட்டிக் கொடுத்ததாகவும் தெரியவில்லை. பின் எதற்காக?

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இந்தச் சீமையில் கிஸ்தி கட்டமாட்டேன் என்று உரக்கச் சொல்லிச் செத்தவனாக ஜனங்கள் அவனைப் பார்த்தார்கள். பாட்டன் காலத்திலிருந்து களத்துமேட்டில் வாய்திறக்க முடியாமல் நின்றவன், தான் சொல்ல நினைத்ததை ஒரு குதிரைக்காரன் வாயில் போட்டுப் பாடிக்கொண்டான். தேசிங்கு தன் ஜாகீருக்காகத்தான் சொன்னான். பாடினவன் தன் கூடைக்காகப் பாடினான். மோவுத்துக்காரனை அவ்வளவு உயரத்தில் வைத்ததும் அந்தப் பாட்டுக்காரன்தான்; நவாபின் தர்பாரில் எழுதினவன் அல்ல. அதனால், "அவன் நிலப்பிரபு, கதையைத் தூக்கி எறி" என்கிற தோழரோடு எனக்குச் சம்மதமில்லை. ராஜாவை அவன் இடத்தில் வைப்போம். பாட்டு நம்முடையது.

மில் தோழர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் 1936 ஜூலை 30-ம் தேதி சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் பட்டாளம் சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். ஒருவருக்கும் குதிரை இல்லை, பர்மான் இல்லை. அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அந்த மில்களில் இன்று தறிச் சத்தம் இல்லை, ஏ.எப்.டி. மில்லை 2020-ல் மூடிவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு ஜூலை 30-லும் செங்கொடியோடு போய் நிற்கிறார்கள். கடலி வெளியில் தேசிங்கோடு விழுந்த சில நூறு காலாட்களில் மகபத் கானைத் தவிர எத்தனை பேரை நாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்?

ஒயூன்ஸ்கியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். அவர் குடியரசின் தலைவராக மட்டும் இருக்கவில்லை. யாக்கூத் கிழவர்கள் ராத்திரி முழுக்கப் பாடுகிற ஒலோன்கோ என்ற வீரகதைகளைக் கேட்டு வளர்ந்தவர். அதிலொன்றை முழுசாக எழுதி அச்சுக்குக் கொண்டுவந்தார். அவர் எழுதியிராவிட்டால் கிழவர்களோடு அதுவும் போயிருக்கும்.

நம் பக்கத்திலும் தேசிங்கு கதையை உடுக்கையோடு பாடுகிற பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அச்சான பெரிய எழுத்துப் புத்தகம் கடையில் கிடைக்கும். ஊருக்கு ஊர் மாற்றிப் பாடுகிற பாட்டு அதில் இருக்காது. ஆகவே கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரிலோ சேரியிலோ பாடத் தெரிந்தவர் இருந்தால், அறுப்பு முடிந்ததும் ஒரு ராத்திரி உட்காரவைத்துப் பாடச் சொல்லுங்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள். நாலாம் நாள் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். மோவுத்துக்காரன் வருகிற இடத்தை ஒரு வரி விடாமல் எழுத வேண்டும். காலாட்கள் யாராவது பெயரோடு வந்தால் அந்தப் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாடினவருக்குச் சாப்பாடும், ஒரு நாள் கூலியும் கிளை நிதியிலிருந்து கொடுத்துவிட வேண்டும்.